மீட்டர் ஓடாத நேரம்

பின்னால் கால்மிதி ஏன் ஈரம் என்று
கேட்கும் பயணிகளிடம் மழை என்பேன்.
லியெபாயாவில் எந்த மாதமும் செல்லுபடியாகும் பொய் அது.
உண்மையில் அது என் தம்பியின் மூச்சு.
பித்தளைக் குழலுக்குள் சுற்றிச் சுற்றிக் குளிர்ந்து
நீராகி, என் வண்டியில் கொட்டப்பட்டது.

வீட்டில் ஊத முடியாது.
கீழ்த்தளத்து ஓஸ்வால்ட்ஸுக்கு இரவு வேலை, பகல் தூக்கம்.
மேல்தளத்தில் கைக்குழந்தை.
பள்ளி அறையை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.
ஆகவே என் டாக்ஸி,
பத்து மணிக்குப் பிறகு, துறைமுகக் கால்வாய் ஓரம்,
மீட்டரை அணைத்துவிட்டு.

காருக்குள் ஹார்ன் இருப்பதில் என்ன அதிசயம் என்று
சக ஓட்டுநர்கள் கேலி செய்கிறார்கள்.
இந்த ஹார்ன் யாரிடமும் வழி கேட்காது.
இதன் அகன்ற வாய்க்குள் ஆர்வில்ஸ் கையை விட்டிருப்பான்,
கன்று ஈனும் பசுவிடம்
கால்நடை மருத்துவர் விடுவாரே, அப்படி.

நுழைவுத் தேர்வுக்கு மூன்று உருப்படிகள்.
விரல் தடுமாறாமல் ஓட ஒரு பயிற்சித் துண்டு.
மூச்சு வாங்குவது தெரியாமல் நீள ஒன்று.
மூன்றாவது பியானோவோடு.
பியானோ என் டாக்ஸியில் ஏறாது
என்பதால் பியானோ நான்.

ஸ்டியரிங்கில் விரலால் தட்டுகிறேன்.
நடுவில் இருபத்தேழு கட்டங்கள் அவனுக்கு வேலையில்லை.
ஓய்வு என்கிறது தாள்.
அந்த ஓய்வில்தான் அவனுக்கு அதிகம் வியர்க்கிறது.

எண்ணுகிறோம்.
பதினொன்றில் ஓர் இழுவைப்படகு கடந்துபோகும்.
பதினெட்டில் எனக்கு ஏதாவது ஞாபகம் வரும்:
பிரேக் கட்டை, கடன் தவணை,
டப்ளினில் ஓட்டல் அறைகளைக் கூட்டும் அம்மா.
தப்பான இடத்தில் தலையசைத்துவிடுவேன்.
அவன் நம்பி நுழைவான்.
"உன்னாலதான்."
"எண்ண வேண்டியவன் நீ."
இரண்டும் சரி. கண்ணாடிகளில் ஆவி படிந்து
வெளியே ஊர் காணாமல் போயிருக்கும்.

பிறகு அந்த உச்சிச் சுரம்.
பத்துக்கு நான்கு முறை உடைந்தது,
பதின்மூன்று வயதில் தொலைபேசியில்
"நல்லா இருக்கேம்மா" என்றபோது
அவன் குரல் உடைந்ததுபோல.
இருக்கைத் துணி எல்லா ஒலியையும் குடித்துவிடும்,
எதையும் அழகாக்கித் தராது.
"இங்க தேறினா எங்கயும் தேறும்" என்றான்.

ரீகாவில் அப்படி இல்லை.
அங்கே கூரை உயரம், தரை மரம்.
முதல் சுரம் அவனைவிடப் பெரிதாகி
அவனிடமே திரும்பி வந்திருக்கிறது.
நிறுத்திவிட்டான்.
கதவுக்கு வெளியே எனக்கும் கேட்டது, அந்த நிறுத்தம்.
யாரோ ஏதோ சொன்னார்கள். மறுபடி தொடங்கினான்.

மூன்றாவது துண்டில் நிஜப் பியானோ ஒன்று
என் வேலையைச் செய்துகொண்டிருந்தது.
நான் முழங்காலில் எண்ணினேன்.
இருபத்துநான்கில் இருக்கும்போதே
அவன் நுழைந்துவிட்டான்.
ஐயோ என்று எழுந்தேன். பியானோ நிற்கவில்லை.
அப்படியென்றால் பிழை என்னுடையது,
எத்தனை இரவுகளாகவோ.

உச்சிச் சுரத்துக்குக் காதைத் தீட்டியபோது
பக்கத்து அறையில் ஒரு பெண்
புல்லாங்குழலைச் சூடேற்றத் தொடங்கினாள்.

திரும்பும் வழியில் ஸ்க்ருண்டாவில் பெட்ரோல் போட்டோம்.
ஹார்ன் பெட்டி பின்னால், இருக்கைப் பட்டை போட்டுக்கொண்டு.
"கேட்டுச்சா?" என்றான்.
"புல்லாங்குழல்தான் கேட்டது."
"நல்லது" என்றான்.
எதற்கு நல்லது என்று நான் கேட்கவில்லை.
தொத்திறைச்சி ரொட்டியை இரண்டே கடியில் முடித்து
இன்னொன்று வேண்டும் என்றான்.
உதட்டில் ஊதுவாய் பதித்த வட்டம்
கடுகு பூசியும் மறையவில்லை.